கையேட்டில் எல்லாம் இருக்கிறது, கை நுழையத்தான் இடமில்லை

புல்டோசருக்கு அடியில் படுத்து ஹோஸைக் கழற்றிய மெக்கானிக் பையன் மேல் சூடான எண்ணெய் கொட்டிய அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, அடியில் படுத்திருந்த பையனின் அஜாக்கிரதைதான் காரணம் என்று தீர்ப்பு எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு டோசரின் பெல்லி கார்டுக்கு, அதாவது வயிற்றுப்பக்கக் காப்புத் தகட்டுக்கு, அடியில் படுத்து வேலை பார்த்திருக்கிறீர்கள்? அதற்கு மேல் நடந்ததை விவரிக்கப் போவதில்லை. என்னைச் சுட்டது, அதன் பிறகு விற்பனைத் தரப்பிலிருந்து வந்த ஒற்றை வரி: "எண்ணெய் ஆறிய பிறகே கழற்ற வேண்டும் என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறது."

இருக்கிறது ஐயா, கையேட்டில் எல்லாம் இருக்கிறது. அந்த ஹோஸின் நட்டைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும், ஸ்பேனரை அரைக்கால் சுற்றுத் திருப்பி, எடுத்து, புரட்டி மறுபடி மாட்ட வேண்டும் என்பதும், அப்போது முகம் நேர் கீழே இருக்கும் என்பதும் மட்டும்தான் அதில் இல்லை. மாலைக்குள் வண்டி ஓடியாக வேண்டும் என்று முதலாளி தலைமாட்டில் நிற்பதும் இல்லை.

நான் சொல்வது ஒன்றுதான். புல்டோசரை வரையும்போதே, அதைக் கழற்றி மாட்டுகிறவனையும் அதில் உட்காருகிறவனையும் அழைத்து வைத்துக் கேட்க வேண்டும். விற்ற பிறகு கேட்பது விசாரணை, வடிவமைப்பு அல்ல.

இது நடக்காத காரியமா? 1977இல் கேட்டர்பில்லர் நிறுவனம் டி10 புல்டோசர் மாடலை அறிமுகப்படுத்தியபோது, இரும்புச் சங்கிலிப் பட்டையான ட்ராக்கைச் சுழற்றும் பல்சக்கரத்தை, அதாவது தரையோடு கிடந்த ஸ்பிராக்கெட்டை, மேலே தூக்கி, ட்ராக்கை முக்கோணமாக்கினார்கள். ஸ்பிராக்கெட்டைச் சுழற்றும் கியர் தொகுதியான ஃபைனல் டிரைவ் சேற்றிலிருந்தும் பாறை அடியிலிருந்தும் விலகியது. அதைவிடப் பெரிய விஷயம், டிரான்ஸ்மிஷன் போன்றவற்றைத் தனித்தனித் தொகுதிகளாக்கியதால், ஒன்றைப் பார்க்க மற்ற எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டிய அவசியம் குறைந்தது. 700 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தொகுதி அமைப்புதான் செய்தி. உடனே ஒருவர் வருவார், போட்டி நிறுவனமான கோமாட்சு இன்றும் தாழ்ந்த ஸ்பிராக்கெட்டைத்தானே வைத்திருக்கிறது, அது ஓடவில்லையா என்று. நன்றாகவே ஓடுகிறது. ஸ்பிராக்கெட் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது என் சண்டையே அல்ல.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது. பழைய டோசர்களில் ட்ராக்கைப் பிரிக்க, அதன் இரு முனைகளையும் இணைக்கும் மாஸ்டர் பின்னைச் சம்மட்டியால் அடித்து வெளியேற்ற வேண்டும். அந்தப் பின் கடினப்படுத்திய எஃகு. அடிக்கும்போது விளிம்பு சில்லு சில்லாகத் தெறிக்கும். அப்படித் தெறித்த ஒன்றுதான் அவர் கண்ணுக்குள் போனது. பின்னாளில் இரண்டு பாதிகளாகப் பிரியும் மாஸ்டர் லிங்க் வந்தது. போல்ட்டைக் கழற்றினால் ட்ராக் பிரிந்துவிடும். முதன்முதலில் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்த மேஸ்திரி, "இதுக்கு இவ்வளவு வருஷமாடா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடி போட்டிருக்க வேண்டியதுதானே என்று கருத்திடத் துடிப்பவர்களுக்கு: ஆம், போட்டிருக்க வேண்டும். அதனால் அந்தப் பின் நல்ல பின் ஆகிவிடாது.

ஏசி கேபினும் தொடுதிரையும் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன வேண்டும் என்கிறார்கள். டோசர் ஓட்டுகிறவர் ஏறக்குறைய பாதி நேரம் பின்னோக்கித்தான் போகிறார். பாறையைக் கிளற வண்டியின் பின்னால் இருக்கும் ரிப்பரைப் போட்டால் முன்னே போகும்போதும் பின்னால்தான் பார்க்க வேண்டும். மாலையில் கழுத்து திரும்பாது. சில மாடல்களில் இருக்கையை 15 பாகை வலப்புறம் திருப்பி வைத்திருக்கிறார்கள். பின்னால் பார்க்கிறவரின் கழுத்தை நினைத்த யாரோ செய்த வேலை அது. பாறையில் இரும்பு ட்ராக் ஏறி இறங்கும் அதிர்வு நேராக இடுப்பெலும்புக்குப் போகிறது. ஐரோப்பாவில் 2002லேயே உடல் அதிர்வுக்குச் சட்ட வரம்பு வைத்துவிட்டார்கள். இங்கே இடுப்பு வலி என்று சொன்னால் சோம்பேறி என்ற பட்டம்தான் கிடைக்கும்.

விலை ஏறுமாம். ஏறட்டுமே! ஒரு ஹோஸுக்காக இரண்டு நாள் நின்ற வண்டியின் வாடகையை யார் கணக்கில் எழுதுகிறீர்கள்? பராமரிப்புக்காக மனிதக் கையும் தலையும் உடலும் நுழைய எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்லவே ஐ.எஸ்.ஓ. 2860 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. கையேட்டைப் பக்க எண்ணோடு ஒப்பிப்பவர்கள் இதையும் ஒருமுறை ஒப்பித்திருக்கலாம்.

"நீ என்ன பொறியாளனா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை. புது வண்டி வந்து இறங்கும்போது பூமாலை முதலாளிக்கு, சாவியோடு புகைப்படம் விற்பனை மேலாளருக்கு, கேசரி எல்லோருக்கும். மெக்கானிக்குகளை அழைப்பது பூசணிக்காய் உடைத்த இடத்தைக் கூட்ட. அந்த இடத்தில் நின்று, இந்த ஃபில்டரை ஏன் இங்கே வைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் கிரீஸ் மட்டும் அடியுங்கள்" என்றார் விற்பனை மேலாளர். வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்து அந்த ஆட்கள் போனை எடுப்பதில்லை.

இப்போது எங்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த டோசர் வாங்குவதற்கு முன், விற்பவர்களின் யார்டிலேயே எங்கள் பையன்கள் ஒரு ஃபில்டரும் ஒரு ஹோஸும் மாற்றிப் பார்ப்பார்கள். ஆப்பரேட்டர் அரை நாள் ரிப்பர் போட்டுப் பார்ப்பார். அனுமதிக்க மாட்டோம் என்றால் அட்வான்ஸ் கிடையாது. முதலாளி யோசிக்கிறார்.