சடையை வெட்டினால் ரத்தம் வராதுங்க

மேலே ஒருவர், முடி சிக்கித் திரண்டு சடை விழுந்தவர்கள் தலைக்குத் தண்ணீரே ஊற்றமாட்டார்கள், வெட்டினால் ரத்தம் வரும் என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்புங்க. எனக்குச் சடை விழுந்து ஆறு வருஷம் ஆகிறது, கோபிச்செட்டிபாளையத்தில்தான் இருக்கிறேன், வாரம் ஒருமுறை தலைக்குக் குளிக்கிறேன். முடி உயிரில்லாத கெரட்டின், அதில் ரத்தம் எங்கிருந்து வரும்? ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும், சீப்பு போடாவிட்டால் அது கீழே விழாமல் பக்கத்து முடியோடு சிக்கித் திரண்டுவிடும், அவ்வளவுதான். போலந்திலும் 19-ஆம் நூற்றாண்டு வரை சிக்குப்பிடித்த முடியை வெட்டினால் நோய் வரும் என்று பயந்தார்கள்.

தண்ணீர் பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. உள்ளே காயாமல் சடையைக் கட்டிக்கொண்டு படுத்தால் நாறும், அதனால் காலையிலேயே குளித்து வெயிலில் உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் தலைக்குத் தேய்த்துக் குளிக்கிற அரப்பு இலைத்தூள் வேண்டாம், உள்ளே போனால் லேசில் வராது. நான் ஒருதடவை போட்டுவிட்டு ஒரு வாரம் தலையணையெல்லாம் பச்சைத்தூளாகக் கிடந்தது.

ஈரோடு பஸ்ஸில் ஒரு அம்மா “ஏங்கண்ணு, சாமி சடையா?” என்று கேட்டார். “இல்லைங்கம்மா, சோம்பேறிச் சடை” என்றேன். சிரித்துவிட்டுத் தொட்டுப் பார்க்கட்டுமா என்றார். சரி என்றேன். கேட்காமல் பின்சீட்டிலிருந்து இழுத்துப் பார்ப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம்.