முதல் வகை நீரிழிவு நகரத்துப் பிள்ளைகளின் நோய் அன்று

சிங்கப்பூரின் பழைய கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையில் இல்லாத முதல் வகை நீரிழிவு, அடுக்குமாடி வீடுகளும் இனிப்புப் பானங்களும் வந்த பிறகே பிள்ளைகளைப் பிடித்தது என்று சொல்லப்படுவது சரியன்று. இந்நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழிக்கிறது. சீனி உண்பதால் அது வருவதில்லை. 2016இல் சிங்கப்பூர் அறிவித்த ‘நீரிழிவுக்கு எதிரான போர்’ என்னும் இயக்கம் முதன்மையாக, பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும், உடல் எடையோடும் வாழ்க்கைமுறையோடும் தொடர்புடைய இரண்டாம் வகையைக் குறித்தது. அதை இதனோடு கலந்துவிடக் கூடாது.

நகர வாழ்க்கைதான் காரணமென்றால், முழுக்க நகரமான சிங்கப்பூரில் விகிதம் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் உலகிலேயே மிக அதிகமாக, 15 வயதுக்குட்பட்ட 100,000 பிள்ளைகளில் ஆண்டுக்கு 50 பேருக்கும் மேல் புதிதாகப் பாதிக்கப்படுவது பின்லாந்தில். நம் விகிதம் அதில் ஒரு சிறு பங்கே. பின்லாந்திலும் வட அயர்லாந்திலும் மக்கள் நெருக்கம் குறைந்த நாட்டுப்புறங்களில் விகிதம் கூடுதலாகவும், மேற்கு ஆஸ்திரேலியாவில் நகர்ப்புறத்தில் கூடுதலாகவும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மருத்துவ வசதி எட்டாத ஊர்களிலோ, நோய் இன்னதென்று அறியப்படாமலே பிள்ளைகள் இறந்துவிடுவதால், பதிவேட்டு எண்ணிக்கை குறைந்து தோன்றுவதும் உண்டு.

பிள்ளைக்கு இந்நோய் வந்த பெற்றோர்மீது, இனிப்புக் கொடுத்துக் கெடுத்தார்கள் என்ற பழியைத் தயவுசெய்து சுமத்தாதீர்கள். தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், திடீர் எடை குறைவு ஆகியவை தென்பட்டால், எந்த ஊர்ப் பிள்ளையானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டி இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.