மீடியம் என்று சொல்லித் தந்த சுருட்டு

கீழக்கரை நண்பர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது நான்கு சுருட்டுகளைக் கையில் திணித்து, "அண்ணே, இது மீடியம்தான், தலை சுத்தாது, தைரியமா இழுங்க" என்றார். மூன்றைப் புகைத்துவிட்டேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நிகராகுவாவின் எஸ்தெலி நகரில் சுருட்டியது, சுருட்டைப் போர்த்தும் மேலிலை ஈக்வடாரில் விளைந்தது, நீளம் 5 அங்குலம், தடிமன் 50 ரிங் என்பதுவரை தெரிந்தால் போதும். ரிங் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. ஆகவே இதன் குறுக்களவு 20 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு.

மீடியம் என்ற சொல்லால் பலரும் ஏமாறுகிறார்கள். சுருட்டில் காரம் வேறு, கனம் வேறு. காரம் என்பது நிக்கோட்டின் உடம்பில் காட்டும் வேலை. கனம் என்பது புகை வாயை நிறைக்கும் அளவு. தண்ணீராக ஓடும் ரசம் நாக்கைச் சுட்டுவிடுவதும், தேங்காய் அரைத்து ஊற்றிய திக்கான மீன்குழம்பு சாதுவாக இறங்குவதும் நம் வீட்டில் தினமும் நடப்பதுதான். நண்பர் தந்த சுருட்டு காரத்தில் நடுத்தரம், கனத்தில் அதற்கு ஒரு படி மேல். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு மதிப்பெண் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

காரத்தைத் தீர்மானிப்பது செடியில் இலை நின்ற இடம். வெயிலை நேராக வாங்கும் மேல்தட்டு இலைக்கு லிகேரோ என்று பெயர். தடிப்பானது, காரமானது, மெதுவாக எரிவது, அதனால் சுருட்டுகிறவர் அதை நடுவில் வைக்கிறார். நடுத்தட்டு இலையான செக்கோ மணத்தையும், அடியிலையான வோலாடோ சீராக எரியும் தன்மையையும் தருகின்றன. நடுத்தரக் காரம் வேண்டுமென்றால் லிகேரோவைக் குறைக்க வேண்டும். மேலிலைக்கு ஈக்வடார் பேர்பெற்றதற்குக் காரணம் அங்குள்ள மேகமூட்டம். கொடிக்காலில் வெற்றிலைக்கு அகத்தி தரும் நிழலை, அங்கே புகையிலைக்கு வானமே தந்துவிடுகிறது.

இராமேசுவரத்துக்கு அருகே இருக்கும் எங்கள் ஊரான மண்டபத்தில் உண்மையான சிக்கல் சுவைப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். முன்பு சென்னையில் ஒரு கடையில் வாங்கியது ஏ.சி. காற்றில் காய்ந்து, விரலால் அழுத்தியதும் அப்பளமாக நொறுங்கியது. இங்கே நேர்மாறு: கடற்காற்று பட்டால் இலை ஊதி மேலிலை வெடிக்கும், வெக்கையும் சேர்ந்தால் புகையிலை வண்டு பொரித்துப் பொட்டுப்பொட்டாகத் துளை போட்டுவிடும். ஆகவே காற்றுப்புகாத டப்பாவில் 65 சதவீத ஈரப்பதப் பை ஒன்றைப் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வைத்தேன். ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க உப்பே போதும். பாட்டில் மூடியில் கல்லுப்பை இட்டு, கரைந்து ஓடாத அளவுக்கு நீர் தெளித்து, மானியோடு ஒரு டப்பாவில் மூடிவைத்தால் உள்ளே 75 சதவீதத்தில் நிற்கும். என் மானி 79 காட்டியது. அன்றிலிருந்து நான்கைக் கழித்தே படிக்கிறேன். வாலிநோக்கத்தில் உப்பு விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை இத்தனை நாள் அறியாமல் இருந்தேன்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கம் தீக்குச்சி நிற்காது. வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் அப்போது கடல் படுத்துக் கிடக்கும் என்பதால், மாலையில் அங்கே கரையேற்றிய ஒரு வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்தேன். வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் தொப்பியில் 2 மில்லிமீட்டர் மட்டும் நறுக்கிப் பற்றவைக்காமல் இழுத்துப் பார்த்தபோது வைக்கோல் மணமும் இலேசான இனிப்பும் வந்தன. இழுவை தடையின்றி இருந்தது. நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் கூடாது. மீறினால் சூடேறிக் கசக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் நிறுத்தி, அதில் சிறிதளவை மூக்கு வழியே வெளியே விட்டால்தான் மணம் பிரிந்து தெரியும்.

விமர்சனங்களில் தோல், செடார் மரம், கொக்கோ என்று எழுதுகிறார்கள். செடாரை நான் முகர்ந்ததே இல்லை. பிறகு எப்படி அதை என் நாக்கில் கண்டுபிடிப்பது? எனக்கு முதல் மூன்றில் ஒரு பங்கில் மிளகும், புதிய ஓலைப்பெட்டியைத் திறந்ததும் எழும் மணமும் கிடைத்தன. நடுப்பகுதி வந்ததும் கருப்பட்டி பாகு பதத்துக்கு வரும்போது அடுப்படியில் நிற்கும் அந்த இனிப்பும், அதன் அடியில் சுக்கும் தெரிந்தன. விலைக்கு உரியது இந்த இருபது நிமிடம்தான். சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் வெளிர்சாம்பல் நிறத்தில் நின்றது. கடைசிப் பகுதியில்தான் ஏமாற்றம்: கருப்பட்டி தீய்ந்தது, கொஞ்சம் நவச்சார நெடி தொண்டையில் ஏறியது, ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்து இரண்டு முறை தீ காட்ட வேண்டியிருந்தது. முதல் இரண்டு சுருட்டுகளிலும் இதே கசப்புதான் என்பதால் பழியைக் காற்றின்மேல் போட முடியாது. இலை இன்னும் போதிய நாள் பதமாகி ஆறவில்லை என்பதே என் தீர்ப்பு.

புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய்க்கு இது வழிதான். வருடத்துக்கு நான்கைத் தாண்டாமல் இருப்பதால் நான் யோக்கியன் ஆகிவிடமாட்டேன். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்குவது நம் சுருட்டுதான் என்றும், திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் சீமைவரை போனது என்றும் பெருமை பேசுகிறோம். அந்தச் சுருட்டை இதே பொறுமையோடு சுவைத்துத் தமிழில் குறிப்பெழுத நமக்குத் தோன்றவில்லை.

என் மதிப்பெண் 100க்கு 84. நடுப்பகுதிக்கு மட்டும் தனியாகக் கேட்டால் 91 போடுவேன். நான்காவது சுருட்டு டப்பாவுக்குள் இருக்கிறது. மார்கழி வரை தொடப்போவதில்லை, அதற்குள் அந்த நெடி அடங்கியிருந்தால் 84ஐத் திருத்தி எழுதுகிறேன்.