முள்வேலிக்குள்ள போடணும்னு சொன்ன மாமாவுக்கு

போன வாரம் தருமபுரி நாலு ரோட்டுகிட்ட ஒரு சொந்தக்காரங்க வீட்டு நிச்சயதார்த்தம். சாப்ட்டுட்டு வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம், பேச்சு எப்படியோ எல்லைச் சண்டைக்குப் போயிடுச்சு. எனக்கு மாமா முறை ஆவுற ஒருத்தர், நல்ல மனுஷன், எங்க வீட்ல ஒரு கஷ்டம்னா மொத ஆளா வந்து நிக்கிறவரு, அவரு சொல்றாரு, "இங்க இருந்துக்கிட்டு அந்தப் பக்கம் விசுவாசமா இருக்கறவனுங்க எல்லாரையும் ஒரு மைதானத்துல முள்வேலி போட்டு அடைச்சிடணும் மாப்ள." சுத்தி இருந்தவங்க தலையாட்டுனாங்க. நான் வாயத் தொறக்கல. அன்னைக்குப் பேசாம வந்தது இன்னும் உறுத்துது, அதான் எழுதுறேன்.

போர்க்கால சிறைமுகாம் படங்கள நான் காலேஜ் நாள்ல இருந்தே தேடித்தேடிப் பாக்குறவன். காரணம் எங்க ஆயா. பென்னாகரம் பக்கம் ஊரு. ஆயாவோட பெரியண்ணன் சின்ன வயசுலயே கங்காணி கூட மலாயாவுக்குப் போனவரு, ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுற வேலை. கொஞ்ச நாள் கடுதாசி வந்துச்சாம், பணம் வந்துச்சாம். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் சண்டை வந்ததும் எல்லாம் நின்னுபோச்சு. அதோட சரி.

சயாம் மரண ரயில்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தாய்லாந்துல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் வெட்டி 1942, 43ல ஜப்பான் ராணுவம் போட்ட பாதை. அதை வெச்சு 1957ல டேவிட் லீன் எடுத்ததுதான் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. 7 ஆஸ்கர் வாங்குன படம். பிரிட்டிஷ் சிப்பாய்ங்க கிழிஞ்ச பூட்ஸோட விசில் அடிச்சிக்கிட்டே முகாமுக்குள்ள வர்ற சீன் பாத்தவங்களுக்கு மறக்காது. அதுல நிக்கல்சன்னு ஒரு கர்னல், கைதி. பிரிட்டிஷ்காரன்னா யாருன்னு காட்டணும்னு வீம்புக்கு, எதிரி ராணுவத்துக்கே உருப்படியா ஒரு பாலம் கட்டிக் குடுக்கறான். ஜப்பான் அதிகாரி சாய்ட்டோவுக்கும் அதே வீம்பு, அவனுக்கு அவன் நாட்டு மானம். ரெண்டு பேரோட மானத்துக்கு நடுவுல சாவறது சாதாரண ஜனம். தேசவெறி ஒரு படிச்ச, ஒழுங்கான, நேர்மையான ஆளைக்கூட எப்படி கண்ணைக் கட்டிடுதுன்னு இத விட நல்லா காட்ட முடியாது.

ஆனா ரெண்டாவது தடவை பாக்கும்போதுதான் வேற ஒன்னு தட்டுப்பட்டுச்சு. படம் முழுக்கத் தேடுனேன், அந்தப் பாதை போட்ட தமிழன் ஒருத்தன் மூஞ்சியக்கூட காணோம். அங்க வேலை செஞ்ச வெள்ளைக்கார கைதிங்க 60,000 சொச்சம், செத்தவங்க 12,000க்கு மேல. ஆசியத் தொழிலாளிங்க, மலாயா தோட்டத்துல இருந்த நம்ம தமிழங்க, மலாய்க்காரங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்கன்னு 2 லட்சத்துக்கும் அதிகம். அதுல 90,000 பேருக்குக் கிட்ட செத்திருப்பாங்கன்னு ஒரு கணக்கு சொல்றாங்க, கணக்கு எழுதி வெக்க ஆள் இல்லாததால அதுவும் தோராயம்தான். கைதிங்க கூட ராணுவ டாக்டருங்க இருந்தாங்க. தோட்டத்துல இருந்து பொண்டாட்டி புள்ளைங்களோட வந்தவங்களுக்கு காலரா வந்தப்ப தண்ணிய காய்ச்சிக் குடின்னு சொல்லக்கூட ஆள் இல்ல. தாய்லாந்து காஞ்சனபுரில வெள்ளைக்கார வீரர்களுக்கு வரிசையா பேரு பொறிச்ச கல்லறை இருக்கு, கிட்டத்தட்ட 7,000. நம்மாளுங்க குழியில மொத்தமா போனாங்க.

இதுல என்னைய தூங்கவிடாத சேதி ஒன்னு உண்டு. மொதல்ல மூணு மாச வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலின்னு ஆசை காட்டிக் கூப்பிட்டாங்க. போனவங்க திரும்பலைன்னதும் யாரும் வரல. அப்புறம் சில எடத்துல ஓசியில படம் காட்டுறோம்னு சொல்லி, கொட்டகை நிறைஞ்சதும் கதவைப் பூட்டி, உள்ள இருந்த ஆம்பளைங்கள அப்படியே ரயில்ல ஏத்திட்டாங்க. படம் பாக்க வந்தவன். சட்டையத் தொவச்சுப் போட்டுக்கிட்டு வந்திருப்பான்.

"ஆசியா ஆசியருக்கே"ன்னு சொல்லிக்கிட்டு வந்த ராணுவம் செஞ்சது இது.

இதுக்கு எதிர்ப்பக்கமா நான் தலைமேல வெச்சுக் கொண்டாடுற படம் ஜப்பான்காரரு மசாகி கோபயாஷி 1959ல இருந்து 61 வரைக்கும் மூணு பாகமா எடுத்த 'தி ஹியூமன் கண்டிஷன்'. ஒம்போதரை மணி நேரத்துக்கு மேல ஓடும், நான் அஞ்சு ராத்திரி பாத்தேன். ஜப்பான் புடிச்சு வெச்சிருந்த சீனத்து மஞ்சூரியாவுல ஒரு சுரங்கம், காஜின்னு ஒரு ஜப்பான் இளைஞன் அங்க மேற்பார்வை வேலைக்குப் போறான். சரக்கு ரயில் பெட்டிக் கதவைத் தொறந்தா பட்டினியில காஞ்ச சீனக் கைதிங்க வெளிய விழுறாங்க பாருங்க, எங்க ஆயாவோட பெரியண்ணன் அப்படி ஒரு பெட்டியில இருந்திருப்பாரோன்னு நெஞ்ச அடைச்சிடுச்சு. கைதிங்க தலைய வெட்டும்போது காஜி முன்னால வந்து தடுக்கறான், அதுக்கு அவன் படுறபாடு கொஞ்சநஞ்சமில்ல. கடைசியில அவனே ரஷ்யாக்காரன் முகாம்ல கைதி ஆவுறான். கோபயாஷியே மஞ்சூரியாவுல சிப்பாயா இருந்தவரு, பதவி உயர்வு குடுத்தும் வேண்டாம்னவரு, சண்டை முடிஞ்சு ஒகினாவாவுல கைதியா இருந்தவரு. தன்னோட நாட்டு ராணுவம் செஞ்சத அந்த நாட்டு ஜனத்துக்கே போட்டுக் காட்டுனாரு. தேசத்துரோகம்னு இத யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

நம்ம நாட்டுல இதெல்லாம் நடக்காதுன்னு மாமா சொல்வாரு. நடந்திருக்கு மாமா. 1962 சீனச் சண்டையப்ப அசாம், டார்ஜிலிங் பக்கம் தலமுறையா கடை வெச்சு, தச்சு வேலை பாத்து, தேயிலைத் தோட்டத்துல இருந்த சீன வம்சாவளிக்காரங்க சுமார் 3,000 பேரை ராஜஸ்தான் தேவ்லி முகாம்ல கொண்டுபோய் அடைச்சோம். விசாரணை இல்ல, குத்தம் இல்ல, மூஞ்சிதான் குத்தம். கெழவங்க, கைக்குழந்தைங்க எல்லாம் உண்டு. சில பேர் வெளிய வர வருஷக்கணக்காச்சு, வந்து பாத்தா வீடும் கடையும் ஏலத்துல போயிருந்துச்சு.

தேசபக்தின்னா எனக்கு பாப்பாரப்பட்டி போதும். சுப்பிரமணிய சிவாவை வெள்ளைக்காரன் ராஜதுரோகின்னு ஜெயில்ல போட்டான், தொழுநோயோட வெளிய அனுப்புனான், ரயில்ல ஏறக்கூடாதுன்னான். அந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு ஊர் ஊரா நடந்து, மாட்டு வண்டியில போயி பேசி, 1925ல நம்ம பாப்பாரப்பட்டி மண்ணுலதான் கண்ண மூடுனாரு. அடைக்கப்பட்டவரு அவரு. மாமா மாசம் ஒருக்கா அங்க இருக்கற அவரு நினைவிடத்தத் தாண்டித்தான் கொல்லைக்குப் போவாரு.

எங்க ஆயா சாவற வரைக்கும் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் செத்தவங்க எல்லாருக்கும் படையல் போட்டுச்சு, பெரியண்ணனுக்கு மட்டும் போடல. புளி தட்டிக்கிட்டு இருந்தப்ப ஒரு நாள் ஏன் ஆயான்னு கேட்டேன். கொட்டைய ஒதுக்கிக்கிட்டே, "செத்தான்னு யார்டா வந்து சொன்னாங்க"ன்னுச்சு. எழுவது வருஷம் ஆயிருந்துச்சு அப்ப.

மாமாவுக்கு இன்னைக்கு காலையில போன் பண்ணேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, அந்த ஜப்பான் படம் மொத பாகம் போடுறேன், பாத்துட்டு சாப்ட்டுட்டுப் போலாம்னேன். சண்டைப் படமான்னு கேட்டாரு. சண்டை நேரத்துல நடக்கற கதை மாமான்னேன். வர்றேன்னு சொல்லியிருக்காரு.