பாவம் பார்க்காமல் போய் வா

அண்ணன் மகள் அடுத்த மாதம் இங்கிலாந்து போகிறாள். சிறப்புப் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை. சிறப்புக் கல்வியில் பி.எட்., ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண், போலீஸ் சான்றிதழ், நம் சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை எல்லாம் கையில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வந்து, "அத்தை, இன்னும் என்ன தயார் பண்ணணும்?" என்று கேட்டாள்.

'பாவம்' என்ற சொல்லை இங்கே, மும்பைத் தாராவியிலேயே விட்டுவிட்டுப் போ என்றேன்.

இரக்கத்தில் வருகிற சொல்தான். ஆனால் அது வாயில் வந்ததும் கை முந்திக்கொள்கிறது. சிறப்புக் குழந்தைகளுக்கான எங்கள் மையத்தில் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பையன் ஒருவன், அப்போது ஒன்பது வயது. ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோக அவனுக்கு நாலு நிமிஷம் ஆகும். அண்ணன் மகள் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்றாவது நிமிஷத்தில் ஸ்பூனை வாங்கி ஊட்டிவிட்டாள். அவன் அழவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரம் ஸ்பூனைத் தொடவே இல்லை. அந்த ஒரு வாரத்தை நாங்கள் இரண்டு பேரும் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. நாம் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்து வளர்ந்தவர்கள். அதே பழக்கத்தில், விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கும் தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சில குழந்தைகளுக்கு இருமல்கூட வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். நிமிர்ந்து உட்கார வைத்து, ஒவ்வொரு மிடறாகக் கொடுக்க வேண்டும். சாப்பாடும் பானமும் எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதற்கு 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு, அங்கே பேச்சு சிகிச்சை நிபுணர்கள் அதை வைத்துத்தான் குறிப்பு எழுதுவார்கள். அதை இங்கேயே படித்துவிட்டுப் போகலாம்.

நேர்முகத் தேர்வில் அவளிடம் கேட்ட கேள்வி: ஒரு குழந்தை, 'யார்கிட்டயும் சொல்லக் கூடாது' என்று உங்களிடம் ஒன்றைச் சொல்ல வந்தால்? நமக்கு ரகசியம் காப்பது அன்பு. இந்த வேலையில் அந்த வாக்கைக் கொடுக்கவே கூடாது. குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சொல்லியாக வேண்டும். இங்கேயும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி பாலியல் கொடுமை தெரிந்தும் புகார் தராதது குற்றம். இதைச் சரியாகச் சொன்னதால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது என்று நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஏஜெண்ட் இரண்டு லட்சம் கேட்டார். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய உச்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மத்திய அரசின் இ-மைகிரேட் (eMigrate) இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டன் 'கேர் ஒர்க்கர்' (பராமரிப்புப் பணியாளர்) விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. அதைச் சொல்லி இப்போதும் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

"இங்க இல்லாத பிள்ளைங்களா?" என்று அண்ணன் கேட்டான். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் இந்தப் பெண் மூன்று வருடமும் பதினோரு மாத ஒப்பந்தத்திலேயே வேலை பார்த்தாள். சிறப்பு ஆசிரியர்களுக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து 25 வயது வரை நீளக்கூடிய ஒரு திட்டத்தை இங்கிலாந்தில் அது தேவைப்படும் குழந்தைக்குச் சட்டமே கொடுக்கிறது. அதற்குள் இருந்து வேலை செய்து பார்க்க அவள் ஆசைப்படுவதை நான் எப்படித் தப்பு என்று சொல்வேன்?

வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகள், போகும் முன் சில மாதமாவது இப்படி ஒரு மையத்தில் வந்து உட்காருங்கள். எங்கள் மையத்தில் சனிக்கிழமை பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம். அந்தப் பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவன் ஸ்பூனை எடுக்கும்போது, உங்கள் இரண்டு கைகளும் மடியில் இருக்க வேண்டும்.