பரீட்சை வேண்டாமாம், அமெரிக்கா கூப்பிடுதாம்!

போன கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அமெரிக்காவில் இனி வெளிநாட்டு டொக்டர்மாருக்குப் பரீட்சையும் இல்லை, பயிற்சியும் இல்லை, நேரே வேலையாம். கீழே வரிசையாகப் பட்டாசுப் படங்கள். ஐந்து நிமிடத்தில் பெரியம்மா வெள்ளவத்தையிலிருந்து அழைத்துவிட்டார். "தம்பி, உண்மையோ? அப்ப பிள்ளைக்கு இனிப் பிரச்சினை இல்லைத்தானே?"

பிள்ளை என்றால் என் அக்கா. கொழும்பு கின்சி வீதி மருத்துவ பீடத்தில் படித்து, இன்டர்ன்ஷிப் முடித்து, மேற்படிப்பும் முடித்து, எட்டு வருடம் வார்ட்டில் நின்றவர். கல்யாணம் கட்டி நியூயோர்க் போய் இறங்கிய நாளிலிருந்து மறுபடியும் மாணவி.

நமக்கு, இலங்கையில், கொழும்பு நொரிஸ் கெனல் வீதியில் இருக்கும் ஒரே மருத்துவ சபைதான் முழு நாட்டுக்கும். அங்கே அப்படியில்லை. டொக்டர் லைசென்ஸ் கொடுப்பது மாநிலத்தின் வேலை. 50 மாநிலம், ஒவ்வொன்றுக்கும் தனி விதி. அதற்கு முன்னால், வெளிநாட்டில் படித்தவர் என்றால், அப்படிப்பட்டவர்களின் தகுதியைச் சரிபார்க்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமைப்பின் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதற்கு யூ.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க டொக்டர் லைசென்ஸ் பரீட்சையில் ஸ்டெப் 1, ஸ்டெப் 2, கூடவே ஆங்கிலப் பரீட்சை. பிறகு ரெசிடென்சி என்ற வைத்தியசாலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்து, யாருக்கு எந்த இடம் என்று சொல்லும் 'மேட்ச்' முடிவு மார்ச் மாதம் வரும்வரை நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். கிடைத்தால் ஜூலையில் ஆரம்பம். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம்.

இந்தப் பரீட்சைகளோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அக்காவுக்கும் இல்லை. நாங்கள் பரசிட்டமோல் என்பதை அங்கே அசெட்டமினோஃபென் என்கிறார்கள். சல்பியூட்டமோல் என்றால் ஆல்பியூட்டரோல். அட்ரினலினுக்கு எபிநெஃப்ரின். அக்கா இவற்றைச் சின்னச் சின்ன மஞ்சள் தாளில் எழுதிக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். அவசரத்தில் தாதி சொல்லும் மருந்தின் பெயர் ஒரு நொடி பிடிபடாவிட்டால் பாவம் நோயாளிதான். அதனால் சோதிக்கட்டும், நன்றாகவே சோதிக்கட்டும்.

எனக்கு விளங்காதது அதற்குப் பிறகு வரும் கணக்கு. நியூயோர்க்கில் அமெரிக்காவிலேயே படித்தவருக்கு லைசென்ஸ் எடுக்க ஒரு வருடப் பயிற்சி போதும். வெளியில் படித்தவருக்கு மூன்று வருடம். இரண்டு பேரும் எழுதியது ஒரே ஸ்டெப் பரீட்சை. அந்தப் பரீட்சை ஆளை அளக்கிறது என்றால் இந்த இரண்டு வருட வித்தியாசம் எதற்கு? அளக்கவில்லை என்றால் அதை ஏன் எழுத வைக்கிறீர்கள்? எட்டு வருடம் நோயாளி பார்த்தவரைக் கொண்டுபோய், நேற்றுப் பட்டம் வாங்கிய பிள்ளையோடு முதல் வருட ரெசிடென்டாக நிறுத்துவது எந்த நோயாளியைக் காப்பாற்றுகிறது?

சரி, அந்தப் பட்டாசுச் செய்திக்கு வருகிறேன். அது முழுப் பொய் இல்லை. 2023இல் டெனசி மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சொந்த நாட்டில் பயிற்சி முடித்த டொக்டர், அங்கே மறுபடி ரெசிடென்சி செய்யாமலே தற்காலிக லைசென்ஸ் எடுக்கலாம் என்பது அதன் சாரம். 2024இல் புளோரிடா, 2025இல் டெக்சாஸ் என்று வேறு மாநிலங்களும் தங்கள் தங்கள் நிபந்தனைகளோடு அதே பக்கம் திரும்பின. கிராமப்புறங்களில் டொக்டர் இல்லை, அதுதான் காரணம். நம்மேல் திடீரென்று வந்த பாசம் ஒன்றுமில்லை.

ஆனால் பரீட்சை இல்லை என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. டெனசியில் முதலில் ஒரு வைத்தியசாலை வேலை தர வேண்டும், அதுவும் ரெசிடென்சிப் பயிற்சி நடத்துகிற நிறுவனமாக இருக்க வேண்டும். அங்கே மேற்பார்வையில் இரண்டு வருடம் வேலை செய்த பிறகுதான் முழு லைசென்ஸ். இரண்டு வருடம் ஒரே முதலாளி! சம்பளம் குறைவு, நைட் டியூட்டி கூட என்று அவரிடம் எப்படி வாய் திறப்பது? இன்னொன்று, லைசென்ஸ் வேறு, ஒரு துறையில் நிபுணர் என்று காட்டும் போர்ட் சான்றிதழ் வேறு. அந்த ஊர் ரெசிடென்சி இல்லாதவருக்குப் பொதுவாக அந்தச் சான்றிதழ் கிடைப்பதில்லை. வைத்தியசாலைகளும் காப்புறுதிக் கம்பனிகளும் பல இடங்களில் கேட்பது அதைத்தான். மாநிலம் கேட்டைத் திறந்துவிட்டாலும் வீட்டுக் கதவுச் சாவி வேறு ஆளிடம் இருக்கிறது.

இதையெல்லாம் பெரியம்மாவுக்குச் சொல்லி முடித்தபோது அவருக்கு நல்ல கோபம். "எங்கட பிள்ளையள் படிக்காததையோ அவங்கள் படிச்சவங்கள்?"

அப்போதுதான் எனக்கு அவர் குடியிருக்கும் பிளட்ஸின் மூன்றாம் மாடிப் பையன் ஞாபகம் வந்தான். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது. தகப்பன் காணியை விற்று ரஷ்யாவுக்கு அனுப்பினார். திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு நம் மருத்துவ சபை வைக்கும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை எழுதுகிறான். அந்தக் காலத்து ஆட்கள் ஆக்ட் 16 என்பார்களே, அதுதான். அதைப் பாஸ் பண்ணினால்தான் இன்டர்ன்ஷிப். இங்கே படித்தவர்களே அந்த நியமனத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நாட்டில், அவன் கதையைக் கேட்கவா வேண்டும். இந்தப் பரீட்சையும் தேவைதான், நான் மாறிப் பேசவில்லை. ஆனால் அவனை நாங்கள் பேசும் பேச்சு இருக்கிறதே! "காசு குடுத்துப் படிச்சவன்தானே" என்று போன தைப்பொங்கலுக்குச் சொன்னது வேறு யாருமில்லை, பெரியம்மாதான்.

அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். நியூயோர்க் சபைக்கு அக்காவும் எங்கேயோ படித்துவிட்டு வந்த ஒரு ஆள்தான் என்றேன்.

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "அவனுக்கு எப்ப சோதினை எண்டு கேட்டனியோ?" என்றார்.