பாலைக் கொட்டினோம், கையைக் கழுவவில்லை

சில வருடங்களுக்கு முன்பு மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இரண்டு கறவை மாடு வைத்துப் பிழைக்கும் என் சித்தப்பா, நன்றாக இருந்த மாட்டின் பாலையும் வாங்க ஆளில்லாமல் சாக்கடையில் ஊற்றினார். அந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. பாலைக் காய்ச்சிக் குடித்தால் போதும். ஆனால் ஊரில் பலர் அதற்கும் 'பெரியம்மை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரைக் கேட்டபிறகு யார் பால் வாங்குவார்கள்?

அதே வீட்டில் போன தை மாதம் ஓர் ஆட்டுக்குட்டிக்கு நான் புட்டிப்பால் கொடுத்தேன். குட்டியின் உதட்டோரம் கருத்த பொருக்கு. முள் குத்தியிருக்கும் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் என் ஆள்காட்டி விரலில் ஒரு புடைப்பு. நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம், அதற்கு வெளியே மறுபடி சிவப்பு. வலி பெரிதாக இல்லை, பார்க்கத்தான் பயங்கரம். வேலூரில் ஒரு கிளினிக்கில் சீழ்க்கட்டி என்று கீறினார்கள். சீழே வரவில்லை. மாத்திரை, கட்டு, எண்ணூறு ரூபாய். "வீட்டில் ஆடு மாடு உண்டா?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் சித்தப்பாவின் பசுவுக்குச் சினை ஊசி போட வந்த மாட்டு டாக்டர். விரலைப் பார்த்ததுமே, "எந்தக் குட்டி?" என்றார்.

ஆர்ஃப் என்று பேராம். அம்மை வைரஸ் குடும்பம்தான். குட்டியின் வாய்ப்புண்ணிலிருந்து நம் கையில் இருக்கும் கீறல் வழியே ஏறுகிறது. உதிர்ந்த பொருக்கில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மருந்தில்லாமலே நாலு, ஆறு வாரத்தில் ஆறிவிடும், கத்தி வைக்கத் தேவையே இல்லை. பசுவின் காம்புப் புண்ணிலிருந்து கறப்பவர் கைக்கு வரும் முடிச்சுகளும் இதன் பங்காளிதான். எருமை அம்மையோ, பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த வைரஸின் சொந்தம். அம்மாவின் தோளில் அம்மை குத்தின தழும்பு இருக்கிறது. பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள், குத்துவதும் நின்றது. என் தோளில் ஒன்றுமில்லை, எருமை அம்மைக்கு எதிரான அந்தக் காப்பும் எனக்கில்லை. (சின்னம்மைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நாம்தான் எல்லாவற்றையும் அம்மை என்கிறோம்.)

பக்கத்தில் இராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைகளுக்குத் தடுப்பு மருந்து தயாராகிறது. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் நிற்கும் மாடுகளை எண்ணி மாளாது. இப்படிப்பட்ட ஊரில் கைப்புண்ணோடு வருகிறவரிடம் ஆடு மாடு பற்றிக் கேட்காதது எனக்குச் சாதாரண மறதியாகத் தெரியவில்லை. மனுஷ டாக்டர் மாட்டைப் பார்க்க மாட்டார், மாட்டு டாக்டர் மனுஷனுக்கு மருந்து எழுத முடியாது. நடுவில் இருக்கிறவன் விரல்தான் கீறல் படுகிறது.

சித்தப்பா இப்போது குட்டிக்குப் புட்டி பிடிக்கும்போது கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொள்கிறார். பால் வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஏன், மாட்டுக்கு மறுபடியும் அம்மையா?" என்று கேட்கிறார்கள்.